பெரிய எழுத்து இல்லாத ஊரில் கோயிலுக்கு என்ன பெயர்?

போன வருஷம் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு பெருமாள் கோயில் குடமுழுக்கு. அழைப்பிதழைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அடித்தார்கள். ஆங்கிலப் பக்கத்துக்குப் புரூஃப் பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. 'டெம்பிள்' என்ற சொல் அதில் பதினோரு இடத்தில் வந்தது. கோயிலின் முழுப்பெயரோடு ஒட்டி வந்த மூன்று இடத்தில் பெரிய 'டி'யை விட்டுவைத்தேன். கோயிலுக்கு வரும் பக்தர்கள், கோயில் மண்டபத்தில் அன்னதானம் என்று வரும் மற்ற எட்டு இடத்திலும் சின்ன 'டி'யாக மாற்றிக் கொடுத்தேன். மறுநாள் காலையில் அறங்காவலர் ஒருவரிடமிருந்து ஃபோன். "ஏன் தம்பி, பெருமாள் கோயிலுக்குப் போய்ச் சின்ன எழுத்துப் போட்டிருக்கியே, மனசு வந்துச்சா?"

சரி, இலக்கணம் சொல்லிப் புரியவைக்கலாம் என்று ஆரம்பித்தேன். முழுப்பெயராக வந்தால் பெரிய எழுத்து, வெறும் கோயில் என்று வந்தால் சின்ன எழுத்து என்றேன். "வெறும் கோயிலா?" என்றார். அதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை.

அவர் கோபத்தில் நியாயம் இருந்தது என்பது பிறகுதான் உறைத்தது. ஆங்கிலத்தின் பெரிய எழுத்துக்கு இரண்டு வேலை. இது இன்னாருடைய பெயர், இன்ன இடத்தின் பெயர் என்று காட்டுவது ஒன்று. மரியாதை காட்டுவது இன்னொன்று. இலக்கணப் புத்தகங்கள் முதல் வேலையை மட்டும்தான் ஒப்புக்கொள்ளும். நடைமுறையில் இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடக்கின்றன. மதம், கோயில், சாமி என்று வந்துவிட்டால் எந்த வேலைக்காக எழுத்து பெரிதானது என்று பிரித்துச் சொல்வது லேசில்லை.

'காட்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். யூத, கிறிஸ்தவ மரபில் கடவுள் ஒருவர்தான். ஒருவர்தான் என்பதால் அந்தப் பொதுச்சொல்லே அவருக்குப் பெயராகிவிட்டது. அதனால் பெரிய 'ஜி'. கிரேக்கர்களின் ஜீயஸும் அப்பல்லோவும் பலரில் ஒருவர். அவர்களுடைய பெயருக்குப் பெரிய எழுத்து உண்டு, ஆனால் அவர்களைச் சுட்டும் 'காட்' சின்ன 'ஜி'யில்தான் வரும். அமெரிக்கச் செய்தி நிறுவனமான அசோசியேட்டட் பிரஸ்ஸின் நடைக் கையேடும் இப்படித்தான் பிரிக்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் சுத்தமான இலக்கணம். இந்தக் கணக்கில் நம் முருகனும் மீனாட்சியும் எந்தப் பக்கம் போவார்கள்? சின்ன 'ஜி' பக்கம்தான். அதனால்தானோ என்னவோ, நம் ஊர் ஆங்கிலப் பத்திரிகைகள் 'லார்ட் முருகா', 'காடஸ் மீனாட்சி' என்று முன்னால் ஒரு பட்டத்தை ஒட்டிவிடுகின்றன. பட்டம் பெயருக்கு முன்னால் ஒட்டி வந்தால் பெரிய எழுத்து போடலாம் என்பது ஆங்கில விதி. டாக்டர், கர்னல் மாதிரி. மரியாதைக்கு மரியாதையும் ஆயிற்று, இலக்கணத்துக்கு இலக்கணமும் ஆயிற்று.

எழுத்தின் அளவு வெறும் இலக்கணம் இல்லை என்பதற்கு ரஷ்யாவைவிட நல்ல சாட்சி வேண்டாம். சோவியத் காலத்தில் அங்கே கடவுளைக் குறிக்கும் 'போக்' என்ற சொல்லைச் சின்ன எழுத்தில்தான் அச்சடித்தார்கள். 1971இல் பாரிஸில் வெளியான தன் நாவலின் பின்னுரையில் ரஷ்ய எழுத்தாளர் சோல்செனிட்சின் இதைச் சொல்லியே பொருமினார். கடவுளைச் சின்ன எழுத்தில் எழுதும் அவமானத்துக்குத் தன்னால் இறங்க முடியாது என்பது அவர் கட்சி. சோவியத் ஒன்றியம் போன பிறகு அந்தப் பெரிய எழுத்து திரும்பி வந்துவிட்டது. எங்கள் அறங்காவலருக்கு சோல்செனிட்சினைத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. இருவருக்கும் வந்தது ஒரே கோபம்.

ஐரோப்பாவிலும் இது ஆதிகாலத்து ஏற்பாடு ஒன்றும் இல்லை. லத்தீனைக் கல்லில் வெட்டியவர்கள் எல்லாவற்றையும் பெரிய எழுத்திலேயே வெட்டினார்கள். எல்லாமே பெரிது என்றால் எதற்கும் தனி மரியாதை கிடையாது. இன்று நாம் பார்க்கும் சின்ன எழுத்தின் வடிவம் 8, 9ஆம் நூற்றாண்டு வாக்கில், பேரரசர் சார்லமேன் ஆண்ட பகுதிகளில் சீரானது. அதற்கு முன்னால் கிரேக்க மொழியில் வேதத்தைப் படியெடுத்த கிறிஸ்தவர்கள் கடவுள், ஆண்டவர், இயேசு, கிறிஸ்து ஆகிய சொற்களைச் சுருக்கி எழுதி, தலைக்கு மேல் ஒரு கோடு இழுத்தார்கள். பெரிய எழுத்து செய்யும் காரியத்தை அந்தக் கோடு செய்தது. ஆங்கிலத்தில் கடவுளைச் சுட்டும் 'ஹீ', 'ஹிம்' ஆகியவற்றுக்கும் பெரிய எழுத்து போடுவது வேதாகமத்தோடு பிறந்த வழக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். 1611இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளில் அது கிடையாது. பிற்காலத்துப் பக்தி சேர்த்த அலங்காரம் அது.

அதே கிங் ஜேம்ஸில் வேறொரு விசேஷம் உண்டு. எபிரேய மூலத்தில் கடவுளுக்கு ஒரு பெயர் இருக்கிறது. யூதர்கள் அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்; அது வரும் இடத்தில் 'என் ஆண்டவர்' என்று பொருள்படும் 'அதோனாய்' என்ற சொல்லைச் சொல்லி நகர்ந்துவிடுவார்கள். ஆங்கிலத்தில் பெயர்த்தவர்கள் இரண்டுக்கும் 'லார்ட்' என்றே போட்டார்கள். வித்தியாசம் தெரிய வேண்டுமே? பெயர் வரும் இடத்தில் நான்கு எழுத்தையும் பெரிதாக்கினார்கள். மற்ற இடத்தில் முதல் எழுத்து மட்டும் பெரிது. 110ஆம் சங்கீதத்தின் தொடக்கத்தில் இரண்டும் ஒரே வரியில் வருகின்றன: லார்ட் என் லார்டிடம் சொன்னார். கண்ணால் படித்தால் இரண்டு ஆள். காதால் கேட்டால் ஒரே ஆள் தனக்குத்தானே பேசிக்கொள்கிற மாதிரி இருக்கும்.

இந்த வரியைத் தமிழில் பாருங்கள். பழைய தமிழ் மொழிபெயர்ப்பான வேதாகமத்தில் "கர்த்தர் என் ஆண்டவரை நோக்கி" என்று ஆரம்பிக்கும். கத்தோலிக்கரும் பிறரும் சேர்ந்து கொண்டுவந்த திருவிவிலியத்தில் "ஆண்டவர் என் தலைவரிடம்" என்று இருக்கும். பெரிய எழுத்து நம்மிடம் இல்லாததால் இரண்டு வேறு சொல் தேட வேண்டியிருந்தது. தேடியதால், கோயிலின் கடைசி வரிசையில் படிக்கத் தெரியாத ஒரு கிழவி உட்கார்ந்திருந்தாலும் அவளுக்கு வித்தியாசம் கேட்கும். ஆங்கிலத்தின் பெரிய எழுத்து கண்ணுக்கு மட்டும்தான். தமிழ் வைத்திருக்கும் அடையாளங்கள் எல்லாம் காதுக்கும் எட்டும்.

தமிழில் எழுத்து ஒரே அளவு என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். கேப்பிடல் லெட்டர் என்பதற்கே நமக்கு இயல்பான சொல் கிடையாது. லத்தீனில் 'கபுட்' என்றால் தலை. அப்படியே பெயர்த்தால் 'தலையெழுத்து' என்றாகி வேறு ஏதோ ஆகிவிடும். 'பெரிய எழுத்து' என்றால் ஒரு காலத்தில் சந்தையில் விற்ற பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை, அதாவது கண் மங்கியவர்களும் படிக்கிற மாதிரி கொட்டை எழுத்தில் அச்சடித்தது. ஏட்டுச் சுவடியில் இன்னும் மோசம். சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லை, பல ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளிகூட இல்லை. பெயர் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்பதைப் படிப்பவர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அதில் சறுக்கியதும் உண்டு. குறளின் முதல் பாட்டில் 'ஆதி பகவன்' என்று வருகிறது. முதலாகிய கடவுள் என்பதுதான் பொருள். ஆனால் வள்ளுவரின் அம்மா பெயர் ஆதி, அப்பா பெயர் பகவன் என்று ஒரு கதை கிளம்பி, ஊர் ஊராக நடந்துவிட்டது. ஆங்கிலம் மாதிரி எழுத்து வித்தியாசம் இருந்திருந்தால் இந்தக் கதை பிறந்திருக்குமா? பிறந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். கடவுள் பெயருக்கும் பெரிய எழுத்துத்தானே போட்டிருப்பார்கள்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம் பாடப் புத்தகங்களில் சிறப்புப் பெயர் என்று படித்திருப்போம். நன்னூல் "இடுகுறி காரணப்பெயர் பொதுச் சிறப்பின" என்கிறது. அதற்கு எடுத்துக்காட்டாக மரம் என்பதைப் பொதுப் பெயராகவும், மா, பலா என்பவற்றைச் சிறப்புப் பெயராகவும் சொல்வார்கள். பலா என்பது ஒரு மரத்தின் தனிப்பெயர் இல்லை, ஒரு வகையின் பெயர். ஆங்கிலத்தில் அதற்குப் பெரிய எழுத்து வராது. ஆக, ஆங்கில இலக்கணத்தின் 'ப்ராப்பர் நவுன்' வேறு, நன்னூலின் சிறப்புப் பெயர் வேறு. இரண்டையும் ஒன்று என்று நினைத்துக்கொண்டு அறங்காவலருக்குப் பாடம் எடுக்கப் போனது என் தப்பு.

பொதுச்சொல் ஒன்று தனிப்பெயராவதற்குத் தமிழில் 'கோயில்' மாதிரி இன்னொரு சொல் இல்லை. கோ என்றால் அரசன், இல் என்றால் வீடு. சிலப்பதிகாரத்தில் கோயில் என்று வரும்போது பெரும்பாலும் அரண்மனையைத்தான் சொல்கிறார்கள்; கண்ணகி சிலம்போடு போய் நின்றது பாண்டியனின் கோயில் வாயிலில். அரசன் வீட்டுப் பெயர் ஆண்டவன் வீட்டுக்கு வந்தது. அப்புறம் சைவர்கள் அதை இன்னும் இறுக்கினார்கள். அவர்களுக்குக் கோயில் என்றால் சிதம்பரம். ஊர்ப் பெயர் சொல்லத் தேவையில்லை. பட்டினத்தார் பாடிய கோயில் நான்மணிமாலை தில்லை நடராசரைப் பற்றியது. உமாபதி சிவாசாரியார் எழுதிய கோயிற்புராணம் சிதம்பரத் தலபுராணம். திருவாசகத்தில் கோயில் மூத்த திருப்பதிகம் என்று ஒரு பகுதி இருக்கிறது. அது தில்லையில் பாடியது. தலைப்பைப் பார்த்து 'எந்தக் கோயில்?' என்று கேட்டால் கேட்டவர் சைவர் இல்லை என்று அர்த்தம்.

வைணவர்களிடம் போய்க் கோயில் என்றால் அது ஸ்ரீரங்கம். ஸ்ரீரங்கத்தின் வரலாற்றையும் நிர்வாக முறைகளையும் சொல்லும் பழைய நூலுக்குப் பெயரே கோயிலொழுகு. திருமலை என்றால் திருவேங்கடம். பெருமாள் கோயில் என்றால் காஞ்சிபுரம் வரதராசர் கோயில். கோயில், திருமலை, பெருமாள் கோயில் என்று மூன்றையும் ஒரே மூச்சில் அடுக்குவார்கள். மூன்றும் பார்வைக்குப் பொதுச்சொற்கள். ஊருக்கு ஒரு மலையும் தெருவுக்கு ஒரு பெருமாள் கோயிலும் இருக்கிற தேசத்தில் இவை தனிப்பெயர்கள். எங்கள் ஊர் அழைப்பிதழின் தமிழ்ப் பக்கத்தில் 'பெருமாள் கோயில்' என்று ஒரு வரியில் மொட்டையாக வந்தது. மரபு அறிந்த வைணவர் அதைப் படித்தால் காஞ்சிக்கு அல்லவா வண்டி ஏறியிருப்பார்!

இதே மாதிரி ஆங்கிலத்திலும் உண்டு என்பதைச் சொல்லிவிட வேண்டும். பெரிய 'டி' போட்டு, வேறு ஒன்றும் சொல்லாமல் 'தி டெம்பிள்' என்று எழுதினால் அது எருசலேமில் இருந்த யூதர்களின் ஆலயம். ரோமானியர் 70ஆம் ஆண்டில் இடித்துப் போட்டது. அதே பெரிய 'டி'யோடு லண்டனில் ஒரு பகுதியே இருக்கிறது. எருசலேம் ஆலயத்தின் பெயரைத் தாங்கிய, சிலுவைப் போர்க் காலத்து டெம்ப்ளர் வீரர்கள் அங்கே குடியேறி மாதா கோயில் கட்டினார்கள். 1185இல் அதற்கு அபிஷேகம் நடந்தது. வீரர்கள் போய், வக்கீல்கள் வந்தார்கள். இன்னர் டெம்பிள், மிடில் டெம்பிள் என்ற வழக்கறிஞர் சங்கங்கள் இன்றும் அங்கேதான். காந்தி பாரிஸ்டர் ஆனது இன்னர் டெம்பிளில். அவர் கோயிலில் படித்துப் பாரிஸ்டர் ஆனார் என்று யாராவது தமிழில் பெயர்த்து வைக்காமல் இருந்தால் சரி.

எபிரேயத்திலும் அரபியிலும் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. ஆனால் அவர்களிடம் ஆங்கிலத்தின் 'தி' மாதிரி ஒரு முன்னொட்டு இருக்கிறது. அரபியில் 'இலாஹ்' என்றால் வணங்கப்படும் ஏதோ ஒன்று. முன்னால் 'அல்' சேர்ந்து இறுகியதே 'அல்லாஹ்' என்று பலர் விளக்குவார்கள். இஸ்லாமியரின் நம்பிக்கை உறுதிமொழியான கலிமாவில் இரண்டும் அடுத்தடுத்து வருகின்றன. தமிழில் அதை "அல்லாஹ்வைத் தவிர வணக்கத்திற்குரியவன் வேறு யாருமில்லை" என்று சொல்வார்கள். பெயரைப் பெயராகவே வைத்துக்கொண்டு, பொதுச்சொல்லை மட்டும் விரித்துவிட்டார்கள். நல்ல தீர்வு.

அந்த மாதிரி முன்னொட்டும் தமிழுக்குக் கிடையாது. நமக்கு இருப்பது 'திரு'. இது பெயரைக் காட்டாது, மரியாதையைக் காட்டும். நீறு சாம்பல், திருநீறு நெற்றிக்குப் போவது. சபை என்றால் எந்தக் கூட்டமும். திருச்சபை என்றால் கிறிஸ்துவின் சபை. ஆங்கிலத்தில் பெரிய 'சி' போட்ட சர்ச்சுக்கும் சின்ன 'சி' போட்ட சர்ச்சுக்கும் உள்ள வித்தியாசம் தமிழில் திருச்சபைக்கும் தேவாலயத்துக்கும் உள்ள வித்தியாசம். தந்தை பங்குச் சாமியார். திருத்தந்தை ரோமில் இருப்பவர். பூசை என்று சொல்லிக்கொண்டிருந்த கத்தோலிக்கர்கள் பிற்பாடு திருப்பலி என்றார்கள். திருக்குர்ஆன், திருவிவிலியம், திருமுறை என்று மூன்று மதத்தாரும் ஒரே முன்னொட்டைப் பங்குபோட்டுக்கொள்கிறார்கள். திருமறை என்று குர்ஆனையும் சொல்வார்கள், பைபிளையும் சொல்வார்கள்.

திருவின் குணத்தைப் பார்க்கத் தஞ்சாவூர்க் கல்வெட்டுக்குப் போக வேண்டும். 1010இல் முடிந்த பெரிய கோயிலில் ராஜராஜன் வெட்டச் சொன்ன வரி: "நாம் எடுப்பிச்ச திருக்கற்றளி ஸ்ரீராஜராஜீஸ்வரமுடையார்க்கு நாம் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும்..." இதில் கற்றளி என்பது பொதுச்சொல், கல்லால் கட்டிய கோயில் என்று அர்த்தம். அதற்கு ஒரு 'திரு'. ராஜராஜீஸ்வரம் என்பது தனிப்பெயர். அதற்கு ஒரு 'ஸ்ரீ'. வரியின் கடைசியில் இதையெல்லாம் "ஸ்ரீவிமானத்திலே" வெட்டுக என்கிறான். விமானம் மறுபடியும் பொதுச்சொல், அதற்கும் ஒரு 'ஸ்ரீ'. பெயரா பொதுச்சொல்லா என்ற கேள்வியே எழவில்லை. சாமியைச் சேர்ந்தது என்றால் மரியாதை, அவ்வளவுதான்.

நான் செய்த காரியம் என்ன என்பது இப்போது தெரிகிறது. தமிழ்ப் பக்கத்தில் பதினோரு இடத்தில் பத்தில் 'திருக்கோயில்' என்று இருந்தது. இந்து சமய அறநிலையத்துறைப் பலகைகளில் இருக்குமே, 'அருள்மிகு' இன்னார் 'திருக்கோயில்' என்று, அதே நடை. ஆங்கிலத்துக்குப் போனதும் திரு உதிர்ந்துவிட்டது. அந்த இடத்தை நிரப்பிக்கொண்டிருந்தது பெரிய 'டி' ஒன்றுதான். அதையும் நான் எடுத்துவிட்டேன்.

திரு மட்டும் இல்லை, தமிழ் மரியாதையை வினைச்சொல்லிலும் வைத்திருக்கிறது. நாம் வருவோம், சாமி எழுந்தருளும். நாம் குளிப்போம், பெருமாளுக்குத் திருமஞ்சனம். நம் வீட்டில் கதவைச் சாத்துவோம், சன்னிதியில் திருக்காப்பிடுவார்கள். ஐயங்கார் வீட்டில் ரசம் சாற்றமுது, பாயசம் கண்ணமுது. இந்தச் சொற்களுக்கு ஆங்கிலத்தில் எந்த எழுத்தைப் பெரிதாக்கினாலும் பத்தாது.

எனக்கு மிகவும் பிடித்தது விகுதிதான். திருவாசகத்தில் "அவன் அருளாலே அவன் தாள் வணங்கி" என்கிறார் மாணிக்கவாசகர். சிவனை அவன் என்கிறார். அவர் என்று திருத்தினால் மரியாதை கூடாது, நெருக்கம் குறைந்துவிடும். இஸ்லாமியத் தமிழில் "அல்லாஹ் கூறுகிறான்" என்றுதான் எழுதுவார்கள். நபி என்று வந்தால் "கூறினார்கள்" என்று பன்மைக்கு மேல் பன்மை. வெளியாள் படித்தால் கடவுளைவிட நபிக்குத்தான் மரியாதை அதிகமோ என்று தோன்றும். விஷயம் வேறு. இறைவன் ஒருவன், அவனுக்குப் பன்மை ஒட்டவே கூடாது. மனிதர்களில் மிக உயர்ந்தவருக்கு மனிதர்களுக்குத் தரும் மரியாதையின் உச்சம். பழைய வேதாகமமோ "ஆதியிலே தேவன் வானத்தையும் பூமியையும் சிருஷ்டித்தார்" என்று ஆரம்பிக்கும். எழுவாய் 'அன்' என்று முடிகிறது, பயனிலை 'ஆர்' என்று முடிகிறது. தமிழாசிரியர் சிவப்பு மையால் சுழிப்பார். ஆனால் தேவன் என்பது இங்கே பெயர் மாதிரி உறைந்துபோன சொல். ஒருமை அதில் இருக்கட்டும், மரியாதை வினையில் இருக்கட்டும் என்று வேலையைப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். ஒரே கடவுளுக்கு அந்தச் சொல் வந்ததும் சும்மா வந்ததில்லை. சர்வேசுரன், பராபரன் என்றெல்லாம் முந்தைய மொழிபெயர்ப்புகள் முயன்று பார்த்தன. தேவன் என்ற சொல்லில் சிக்கல் என்னவென்றால், தமிழனுக்குத் தேவர்கள் முப்பத்து முக்கோடி. அதையும் வேதாகமம் அதே சொல்லின் பன்மையை வைத்தே சமாளித்தது: "என்னையன்றி உனக்கு வேறே தேவர்கள் உண்டாயிருக்கவேண்டாம்."

கிராமத்துக்குப் போனால் இன்னொரு படி. "சாமி வந்திருக்கு", "கருப்பு கோவமா இருக்கு" என்பார்கள். அஃறிணை. அதில் அலட்சியம் துளியும் இல்லை, குழந்தையையும் அப்படித்தானே சொல்கிறோம். அவன், அவர், அவர்கள், அது என்று நான்கும் மரியாதையே. இதை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனால் நான்குக்கும் சேர்த்து ஒரே ஒரு பெரிய 'ஹெச்'.

உறவுச் சொற்களும் எண்களும்கூடப் பெயராகிவிடுகின்றன. திருநாவுக்கரசரைச் சம்பந்தர் அப்பரே என்று கூப்பிட்டார், அவர் அப்பர் ஆகிவிட்டார். (ரயிலில் "அப்பர் பெர்த்" என்று எழுதியிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு நொடி அவர் ஞாபகம் வரும்.) தாயார் என்றால் பெருமாள் கோயிலில் இலக்குமி. தாயார் சன்னிதியை 'அம்மாவின் அறை' என்று ஆங்கிலப்படுத்திய ஒரு கையேட்டை நான் பார்த்திருக்கிறேன். உடையவர் ராமானுசர். நாச்சியார் என்றால் ஆண்டாள். நால்வர் என்று சைவர் சொன்னால் அப்பர், சம்பந்தர், சுந்தரர், மாணிக்கவாசகர். பேப்பரில் "நால்வர் கைது" என்று வந்தால் பதறக் கூடாது. மயிலாப்பூரில் பங்குனி மாதம் "அறுபத்துமூவர் எப்போ?" என்று கேட்பார்கள். அறுபத்துமூன்று பேரும் யார் யார் என்று கேள்வியில்லை, எட்டாம் நாள் என்று பதில் வரும்.

பெயரை மட்டும் காட்ட, மரியாதை கலக்காமல், தமிழில் ஒரு வழி இருக்கிறது. அது இடைவெளி. சங்கரன்கோவில் என்று சேர்த்து எழுதினால் ஊர். பிரித்து எழுதினால் யாரோ சங்கரனின் கோவில். ஊரில் இருப்பது சங்கரநாராயணர் கோவில். சங்கரன்கோவில் சங்கரநாராயணர் கோவில் என்று எழுதும்போது முதல் கோவிலுக்கு முன்னால் இடைவெளி இல்லை, இரண்டாவதற்கு இருக்கிறது. கண் தானாகப் பிரித்துக்கொள்ளும். நாகர்கோவில் நாகராஜா கோவில், வைத்தீஸ்வரன்கோவில் வைத்தியநாதசுவாமி கோவில், எல்லாம் இந்தக் கணக்கு. அவசரத்தில் டைப் அடிப்பவர்கள் நடுவில் ஒரு ஸ்பேஸ் விட்டுவிட்டால் ஊர் காணாமல் போய்விடும்.

நாகர்கோவில் பக்கம் ஞாயிற்றுக்கிழமை காலையில் "கோயிலுக்குப் போயிட்டு வாறேன்" என்று கிளம்பும் பாதிப்பேர் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். திருவிவிலியம் எருசலேம் ஆலயத்தைக் கோவில், திருக்கோவில் என்றே சொல்கிறது. தமிழில் கோயிலுக்கு மதம் இல்லை. ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தவுடன் டெம்பிளா சர்ச்சா என்று முடிவு பண்ண வேண்டியிருக்கிறது, அதற்கப்புறம் எழுத்தின் அளவு.

ஆங்கிலத்தில் நம் கோயில் விஷயங்களை எழுதுகிறவர்கள் இதற்கெல்லாம் கண்டுபிடித்திருக்கும் சுலபமான வழி, எல்லாவற்றையும் பெரிதாக்குவது. அபிஷேகம், பிரசாதம், தீபாராதனை, உபயதாரர், செருப்பு வைக்கும் இடம்கூடப் பெரிய எழுத்தில். இது எனக்கு ஒப்பவில்லை. பழைய லத்தீன் கல்வெட்டு மாதிரிதான் ஆகிறது. எல்லாமே தலை நிமிர்ந்து நின்றால் பெருமாளின் பெயரும் பந்தக்காரரின் பெயரும் ஒரே உயரம். சாமி பெயர், கோயிலின் முழுப்பெயர், திருவிழாவின் பெயர் இவற்றுக்குப் பெரிய எழுத்து, புளியோதரைக்குச் சின்ன எழுத்து என்பது போதும். 'டெம்பிள்' விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சம் இறங்கி வந்துவிட்டேன். அந்த ஒரு கோயிலின் அழைப்பிதழில், அந்த ஒரு கோயிலைச் சொல்லும்போது, பெரிய 'டி' போடுவது தப்பாகத் தெரியவில்லை. சிதம்பரத்துக்காரருக்குக் கோயில் என்றால் ஒன்றுதான் என்றால், எங்கள் ஊர்க்காரருக்கும் ஒன்றுதானே.

இதை அவரிடம் சொல்லப் போனேன். அதற்குள் அவர் வேறு யோசனையில் இருந்தார். டெம்பிளே வேண்டாம், 'திருக்கோயில்' என்பதையே ஆங்கில எழுத்தில் போட்டுவிடலாம், எழுத்து பெரிதாக இருந்தால் என்ன, சிறிதாக இருந்தால் என்ன, அதிலேயே திரு இருக்கிறதே என்றார். இது எனக்கு ஏன் முதலிலேயே தோன்றவில்லை என்று இருந்தது. பதினோரு இடத்திலும் மாற்றினோம். மூன்றாவது புரூஃப் வந்தபோது அச்சகத்துப் பையன் ஒரு சந்தேகம் கேட்டான்: கோயிலா, கோவிலா? நன்னூல்படி ஓகாரத்துக்குப் பின்னால் வகர உடம்படுமெய்தான், அதனால் கோவில் என்றேன். இத்தனை வருஷமாகப் பலகையில் கோயில் என்றுதான் இருக்கிறது என்றார் அறங்காவலர். கோபுரத்துக்கு மேல் தகரப் பலகையைப் போய்ப் பார்த்தோம். தமிழில் கோயில், அதற்குக் கீழே ஆங்கிலத்தில் கோவில் என்று எழுதியிருந்தது. அதுவும் முழுக்கப் பெரிய எழுத்தில்.